யாரக்காவும் நாற்பத்தோராம் கேள்வியும்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு யாரக்கா என்று பெயர் வைத்தது யார் என்பது மட்டும் கடைசிவரை வெளியே வரவில்லை. மற்ற எல்லா ‘யார்’களையும் துருவித் துருவிக் கண்டுபிடித்துவிடுகிறவள் இந்த ஒன்றில் தோற்றுப்போனாள். கேட்டுப் பார்த்தாள், பக்கத்து மேசையைக் காட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர் அதற்கடுத்த மேசையைக் காட்டினார். சரி, ஒழியட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டாளே தவிர, யாராவது அப்படிக் கூப்பிட்டால் கூப்பிடுகிறவரின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத்தான் “என்ன?” என்பாள்.

அவள் வேலை அப்படி. அரசுப் பணிக்கு ஆள் எடுக்கப் பொதுத்தேர்வு நடத்தும் அலுவலகம் அது. மூன்றாவது மாடியில், சன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்ட ஓர் அறையில் கேள்வித்தாள் சரிபார்ப்புப் பிரிவு இருந்தது. உள்ளே நுழையும்முன் கைப்பேசியை வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பேனாவும் கூடாது. மை கொட்டினால் மூலப்படி பாழாகிவிடும் என்று எந்தக் காலத்திலோ போட்ட உத்தரவு. பிரிவு கொடுக்கும் பென்சிலால்தான் எதையும் எழுத வேண்டும். அங்கே உட்கார்ந்து, மொழித்தாளுக்கு வரும் இலக்கணக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சரியான விடைதான் இருக்கிறதா என்று பார்ப்பது யாரக்காவின் பிழைப்பு.

கேள்வி எழுதி அனுப்புகிறவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். தாங்கள் மனதில் நினைத்ததுதான் தாளிலும் இருக்கிறது என்று அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. யாரக்காவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ‘அவர்’, ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ என்று எங்கே ஒரு சுட்டுப்பெயர் தலையைக் காட்டினாலும் பென்சிலால் வட்டம் போட்டு ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதிவிடுவாள். ‘அக்காள் தங்கையிடம் அவளுடைய பை தொலைந்துவிட்டதாகச் சொன்னாள்.’ பை யாருடையது? அக்காளுடையது என்றால் ‘தன்னுடைய’ என்று வந்திருக்கும், ஆகவே தங்கையுடையதுதான் என்று எழுதியவர் இலக்கணம் பேசுவார். ஆனால் தெருவில் யார் அப்படிக் கணக்காகப் பேசுகிறார்கள்? தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அக்காளுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். “ஒரு பை தொலைஞ்சதுக்கு இத்தனை பேருக்கு வேலை போகணுமா?” என்று கேட்டு, கேள்வியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

இந்தச் சந்தேகம் அலுவலகத்தில் தொற்றியதல்ல. பிறந்த வீட்டிலேயே வந்தது. ஐந்து பெண்களில் கடைசி அவள். அந்த வீட்டில் எல்லாருமே ‘அவ’. “அவளைக் கூப்பிடு” என்று அம்மா குரல் கொடுத்தால் ஐந்து தலைகள் நிமிரும். “அவதான் உடைச்சா” என்று ஓர் அக்கா சொல்லி, தாடையை ஒரு பக்கமாக லேசாக நீட்டினால் போதும். அந்தத் திசையில் யார் நிற்கிறாளோ அவள் முதுகில் அடி விழும். கடைக்குட்டி எப்போதும் அந்தத் திசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் மழலை மாறிச் சுத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை ‘எவ?’ என்பதுதான் என்று அக்காமார் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பெயரைச் சொல்லாமல் பேசுகிறவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதே ஆணி அடித்தாற்போல் மனதில் இறங்கிவிட்டது.

கட்டிக்கொண்ட மனிதர் லிப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். ஆனால் பெயர் சொல்லிப் பேசத் தெரியாது.

“அவன் இன்னிக்கும் வரல,” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்.

“எவன்?”

“அவன்தான், ஹெல்ப்பர்.”

“ஹெல்ப்பர் ரெண்டு பேரு இருக்காங்க.”

“சின்னவன்.”

“வயசுல சின்னவனா, உயரத்துல சின்னவனா?”

“தாயே, அவன் வராததைக்கூடத் தாங்கிக்குவேன். நீ கேக்கறதைத்தான் தாங்க முடியல,” என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அலுவலகத்தில் அவளுக்கு எதிர் மேசையில் இருந்தவருக்குக் காற்புள்ளி என்று பட்டம். அதை வைத்தது யாரக்காதான். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒல்லியான ஆள், கழுத்து சற்று முன்னால் வளைந்திருக்கும். பேச்சும் அப்படியே. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். “நேத்து அங்க போயிருந்தேன், அவர் என்னடான்னா,” என்று ஆரம்பித்துவிட்டு வேறு யோசனையில் ஆழ்ந்துவிடுவார். மீதியை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் யாரக்காவுக்கு மதிய இடைவேளை முடிந்துவிடும். ஆனாலும் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. அவர் அவளைவிடச் சற்று இளையவர்; ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். தான் உரித்த ஆரஞ்சில் பாதியைக் கேட்காமலே அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். இறுதிப் படியை அவர் உரக்கப் படிப்பார், யாரக்கா கையில் மூலப்படியை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற சோடி என்று அந்த மாடியில் அவர்களுக்குப் பெயர் இருந்தது.

உள்ளறையில் டைப்பிஸ்ட் அம்மா. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். திருத்திய கேள்விகளைக் கணினியில் இறுதிப் படியாக அடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. விசைப்பலகையைப் பார்க்காமலேயே அடிப்பார். அடித்துக்கொண்டே, போகிற வருகிறவர்களிடம் “முதுகுவலி தேவலையா?”, “பொண்ணு ஊர்லேருந்து வந்துட்டாளா?” என்று விசாரிப்பார். அந்த மாடியில் அவரை ‘அம்மா’ என்று கூப்பிடாதவர்கள் இல்லை.

இவர்களுக்கெல்லாம் மேலே இயக்குநர். அவர் பேச்சில் ஆளே இருக்க மாட்டார்கள். “பார்க்கப்படும்”, “கவனத்தில் கொள்ளப்பட்டது”, “முடிவு எடுக்கப்படும்” என்றுதான் வரும். யார் பார்ப்பார், யார் எடுப்பார் என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை யாரக்கா ஒருநாளும் நம்பியதில்லை.

அந்த வருடம் மொழித்தாளில் நாற்பத்தோராவது கேள்வி இப்படி வந்தது: ‘மேலாளர் எழுத்தரிடம் அவருடைய மேசையைச் சுத்தம் செய்யச் சொன்னார். இதில் யாருடைய மேசை?’ யாரக்கா வழக்கம்போல வட்டம் போட்டாள். எழுதிய பேராசிரியரோடு தொலைபேசியில் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் ‘அவருடைய’ என்பதை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் ‘தன்னுடைய’ என்று எழுதினாள். மேலாளரின் மேசை, விடை மேலாளர். குழப்பமே இல்லை. காற்புள்ளி உரக்கப் படித்தபோதும் ‘தன்னுடைய’ என்றுதான் படித்தார். அவள் தன் காதால் கேட்டாள்.

மறுநாள் அவளுடைய மூன்றாவது அக்காவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, அதனால் விடுப்பு. திரும்பி வந்தபோது கேள்வித்தாள் அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தது. அந்த மாதம்தான் அவள் கண்ணாடியையும் மாற்றியிருந்தாள். புதுக் கண்ணாடியில் படிக்கட்டுகள் ஒரு விரற்கடை தள்ளித் தெரிந்ததால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

தேர்வு நடந்தது. அதற்கடுத்த வாரம், காலையில் பேருந்தை விட்டு இறங்கியபோது அலுவலக வாசலில் கூட்டம். இளம்பெண்களும் இளைஞர்களும் அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்: “அவர் யார்? அவர் யார்?”

யாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னுடைய கேள்வியைத் தெருவே கேட்கிறதே என்று நினைத்தாள். ஓர் அட்டையை நெருங்கிப் படித்தாள். அச்சில் வந்திருந்தது ‘தன்னுடைய’ அல்ல, ‘அவருடைய’. ஆனால் வெளியிட்ட விடைக்குறிப்பில் சரியான விடை ‘மேலாளர்’. பேராசிரியர் சொன்ன இலக்கணப்படி பார்த்தாலும் தப்பு, தெருப் பேச்சுப்படி பார்த்தால் இரண்டு விடை. ஒரு மதிப்பெண்ணில் வேலை தவறிப்போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ. அட்டை பிடித்திருந்த ஒரு பெண் அழுது முகம் வீங்கியிருந்தாள். அவளைத் தாண்டித்தான் யாரக்கா உள்ளே போக வேண்டியிருந்தது.

இயக்குநர் எல்லாரையும் கூப்பிட்டார். “ஒரு தவறு நேர்ந்திருக்கு. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருக்கு. பொறுப்பு நிர்ணயிக்கப்படும்.”

“யார் மேல சார்?” என்றாள் யாரக்கா.

“உரிய நபர் மேல,” என்றார் இயக்குநர், சிரிக்காமல்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வாசிப்பில் சரியாக இருந்த வார்த்தை அச்சுக்குப் போவதற்குள் எப்படி மாறும்? கால் முளைத்து நடந்ததா? நடுவில் இருந்தவர்கள் மூன்றே பேர்: காற்புள்ளி, டைப்பிஸ்ட் அம்மா, இயக்குநர். மாற்றியது யாரென்று தெரியாவிட்டால், பழி யார் தலையில் விழும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் திசையில் நின்றுகொண்டிருப்பவள் தலையில்தான்.

இரண்டொரு நாளில் அது உறுதியானது. மதிய இடைவேளையில் படி இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே, படிக்கட்டு திரும்பும் இடத்தில் காற்புள்ளி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அதிசயமாக, வாக்கியங்களை முடித்துப் பேசினார்.

“அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க. அதுதான் விஷயம். தப்பு அங்கதான் நடந்துச்சு... இல்ல, இங்க யாருக்கும் தெரியாது. அவங்க ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. கண்ணாடி மாத்திட்டேன், இப்ப நல்லாத் தெரியுதுன்னு சாதிக்கறாங்க... எத்தனை நாளைக்கு நான் மூடி மறைக்கறது? வீட்ல நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

யாரக்காவின் கை தானாகப் போய்த் தன் புதுக் கண்ணாடியைத் தொட்டது. காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். சட்டென்று கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். “அக்கா, சாப்பிடலையா, நான் சும்மா,” என்று வழக்கம்போல வாக்கியத்தை நடுவில் விட்டார்.

ஆயுள் முழுக்க யாரு, யாரு என்று கேட்டவள், அங்கே ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. விடை தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

கண் தெரியாதவள் என்று தன்னைத்தான் சொல்கிறார். சரி. ‘வீட்டில் நீங்கதான் எடுத்துச் சொல்லணும்’ என்றால் எதிர்முனையில் இருந்தது யார்? மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனாள். காற்புள்ளியிடம் அவள் கணவரின் எண் இருந்தது. போன வருடம் காற்புள்ளியின் அடுக்ககத்தில் லிப்ட் நின்றபோது அவளேதான் கொடுத்தாள்.

லிப்ட் மெக்கானிக் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? புதுக் கண்ணாடி இன்னும் பழகலையா?”

அவ்வளவுதான். வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

“ஏன், உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?”

“எதை?”

“என் கண்ணைப் பத்தி.”

“உன் கண்ணைப் பத்தி ஊர்ல யாரு என்கிட்ட பேசப் போறா?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இயக்குநரின் சிரிப்பைப் போலவே அவளுக்குப் பட்டது. பூசி மெழுகுகிறார் என்று முடிவு கட்டினாள். அவர் குளிக்கப் போனபோது அவருடைய கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். காற்புள்ளியின் அழைப்பு எதுவும் இல்லை. அழித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டவரிடம், “என் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லுங்க,” என்றாள். மருத்துவர் குழம்பினார், சோதித்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அலுவலகத்தில் காற்புள்ளி நகர்த்தி வைத்த ஆரஞ்சு, மேசை நடுவில் அப்படியே கிடந்து காய்ந்தது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் அவளுக்கு ஒரு சாட்சிதான். அவர் உள்ளறைக்குப் போனால், இவள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் பின்னாலேயே போவாள். இவள் தலை தெரிந்ததும் டைப்பிஸ்ட் அம்மாவும் அவரும் பேச்சை நிறுத்துவார்கள். ஒருமுறை டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டுச் சேர்ந்துகொண்டு தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், அதற்கு இந்த அம்மாவும் உடந்தை. பாவம், மனசாட்சி உறுத்தி அழுகிறார். இப்படி எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது. எழுதி வந்த கேள்வி எதுவும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தி அவள் பார்த்ததில்லை.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் போன டைப்பிஸ்ட் அம்மா, “குடுத்ததைத்தான் அடிச்சேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்தது யாரக்கா. காற்புள்ளி வாயைத் திறப்பதற்குள் தான் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போனாள்.

“கடைசி வாசிப்புல அவர் ‘தன்னுடைய’ன்னு படிச்சாரு. நான் கேட்டேன். அடுத்த நாள் நான் லீவு. அவர் இருந்தாரு. அச்சுல வந்தது ‘அவருடைய’. நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவரைத்தான் மேடம் கேக்கணும்.”

“அவர்னா யாரு?” என்றார் அதிகாரி.

யாரக்கா பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், பதவி, மேசை இருக்கும் இடம் எல்லாம் சேர்த்து, துளிக் குழப்பமில்லாமல் சொன்னாள். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்து நீட்டினாள். “இது எதுக்கு?” என்று அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “இருக்கட்டும் மேடம், யாராவது ஏதாவது சொன்னா,” என்றாள். வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை அவள் கவனிக்கவில்லை.

அதற்கடுத்துப் போன காற்புள்ளி வெகு சீக்கிரம் வெளியே வந்தார். உள்ளே அவர் சொன்னது ஒன்றே ஒன்று என்று பிறகு தெரிந்தது: “நான்தான் கவனிக்கல.” மாலையே அவரைப் பிரிவிலிருந்து நீக்கி, விசாரணை முடியும்வரை விடைத்தாள் கிடங்கில் போட்டார்கள். மேசையைக் காலி செய்யும்போது யாரக்காவை நிமிர்ந்து பார்த்தார். “வரேன் அக்கா,” என்றார். இந்த முறை அது முழு வாக்கியமாக இருந்தது. அவளுக்கு என்னவோபோல் ஆயிற்று. தப்பித்தோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. தப்புச் செய்யாதவன் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு இரண்டு விடை இருக்கக்கூடும் என்று அடிமனதில் ஒரு குரல் சொன்னது. அதை அடக்கினாள்.

காற்புள்ளி போனபின், திருத்திய தாள்களை உள்ளறைக்குக் கொண்டுபோகும் வேலையும் அவளிடமே வந்தது. ஒருநாள் காலை வேறொரு தேர்வுக்கான தாள். ஓரிடத்தில் ‘அது’ என்பதை அடித்துவிட்டுப் பென்சிலால் ‘அந்தக் கதவு’ என்று எழுதியிருந்தாள். அவசரமாகத் தேவைப்பட்டதால் பக்கத்திலேயே நின்றாள். டைப்பிஸ்ட் அம்மா தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, விரலை வரியின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே மளமளவென்று அடித்தார். திரையில் விழுந்தது ‘அது’.

“அம்மா, அதை மாத்தியிருக்கேனே.”

“எதை?”

யாரக்கா பென்சில் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். டைப்பிஸ்ட் அம்மா மறுபடி தாளைத் தூக்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் கண்கள் அந்த இடத்தைத் தாண்டி, வெற்று ஓரத்தில் எதையோ தேடின. அச்செழுத்து கறுப்பாக இருந்ததால் அவருக்குத் தெரிந்தது. சாம்பல் நிறப் பென்சில் எழுத்து அவருக்கு அங்கே இல்லவே இல்லை.

யாரக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் லீவு போட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

டைப்பிஸ்ட் அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்று கணினி நின்றுபோய் ஒரு பக்கம் அப்படியே காணாமல் போயிற்று. சரிபார்த்த படி உறைக்குள் முத்திரையிட்டுக் கிடந்தது. அச்சகத்துக்குப் போகும் வண்டி கீழே காத்திருக்கிறது என்று இயக்குநர் அவசரப்படுத்தினார். யாரக்காவின் பென்சில் திருத்தங்கள் இருந்த பழைய வரைவை வைத்துக்கொண்டு டைப்பிஸ்ட் அம்மா அந்தப் பக்கத்தைத் தனியாகவே புதிதாக அடித்துக் கொடுத்தார். காற்புள்ளி அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். நேரமில்லை என்று இயக்குநர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. எனக்குப் பயம். இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகப்போறேன், அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன். கண்ணாடி மாத்தினேன், தெரியுதுன்னு எல்லார்கிட்டயும் சாதிச்சேன். உன் எதிர் மேசைக்காரருக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. மத்த நாள்ல பென்சில் திருத்தத்தையெல்லாம் அவருதான் பக்கத்துல நின்னு படிச்சுச் சொல்லுவாரு. என் பையனுக்கு போன் பண்ணி, ‘நீங்கதான் வீட்ல பக்குவமா எடுத்துச் சொல்லணும்’னு கெஞ்சியிருக்காரு. எனக்காகத்தாம்மா அவரு வாயைத் திறக்கல. எவளோ ஒருத்தி மார்க் போச்சேன்னு வாசல்ல அழுதாளே, அவ குரல் இன்னும் என் காதுல இருக்கு. இப்ப இவரையும் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க. யாரு போட்டுக் குடுத்தாங்களோ.”

யாரக்கா “யாரு?” என்று கேட்கவில்லை. “நான்தான்,” என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய கைப்பேசியைத் திருட்டுத்தனமாகப் பார்த்தது உட்பட. லிப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று அவர் சிரிக்கவும் இல்லை.

“என்கிட்ட ஹெல்ப்பர் யாரு, சின்னவன் யாருன்னு உயிரை எடுக்கற. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க உனக்கு என்ன?”

“கேட்டா மழுப்புவாருன்னு நினைச்சேன்.”

“மழுப்பட்டுமே. மழுப்பினப்புறம் சந்தேகப்படு.”

காலையில் முதல் வேலையாக விசாரணை அதிகாரியிடம் போனாள். முன்பு சொன்னதில் பொய் எதுவுமில்லை, ஆனால் ஒரு ஆளைக் கைகாட்டுவதற்காகவே அதை அப்படிக் கோர்த்துச் சொன்னேன் என்றாள். பென்சில் உத்தரவைச் சொன்னாள். வண்டி காத்திருந்ததைச் சொன்னாள். திரும்பி வந்த அன்று ‘ஏதாவது பக்கம் மறுபடி அடித்தீர்களா’ என்று கேட்க வேண்டியது தன் கடமை, கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

“அந்தப் பக்கத்தை டைப் பண்ணது யாரு?” என்றார் அதிகாரி.

யாரக்கா மென்று விழுங்கினாள். “அன்னிக்கு அவசரத்துல... டைப் பண்ணப்பட்டுச்சு மேடம்.”

வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே கூசியது. இயக்குநர் பேசுகிற மாதிரியே இருந்தது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். “சிரமப்படாதீங்க. அந்த டைப்பிஸ்ட் அம்மா ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்களைப் பத்தியும் சொன்னாங்க. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க.”

நாற்பத்தோராம் கேள்வி ரத்தாயிற்று. எழுதிய எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். ஏற்கெனவே சரியாக எழுதியவர்கள் முணுமுணுத்தார்கள். வாசலில் அழுத பெண் அதனால் தேறினாளா என்று யாரக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இயக்குநர் வேறொரு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். பென்சில் உத்தரவு போய்ச் சிவப்பு மை வந்தது. டைப்பிஸ்ட் அம்மாவை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் பயந்ததெல்லாம் வீண். அறுவை முடிந்து வந்தவருக்கு வரவேற்பு மேசையில் வேலை கொடுத்தார்கள். இரண்டாம் நாளே மேலே ஏறி வந்து, யாரக்காவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “உனக்கு இவ்வளவு நரை இருக்கா!” என்று ஆச்சரியப்பட்டார்.

காற்புள்ளியின்மேல் குற்றமில்லை என்று உத்தரவு வந்தது. ஆனால் அவர் பழைய மேசைக்குத் திரும்பவில்லை. கிடங்கே இருக்கட்டும் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். யாரக்கா அதையும் நம்பவில்லை. அவராகக் கேட்டாரா, யாராவது கேட்க வைத்தார்களா? பல நாள் தனக்குள்ளேயே உழன்றாள். வழியில் எதிர்ப்பட்டால் அவர் புன்னகைத்தார். “நல்லாருக்கீங்களா மேடம்?” என்றார். அந்த ‘மேடம்’ மரியாதையா, விலக்கலா? அந்தப் புன்னகை நிஜமா? மன்னித்துவிட்டாரா, மன்னித்ததுபோல் காட்டுகிறாரா? வீட்டில் இதையே கேட்டுக் கேட்டு லிப்ட் மெக்கானிக்கின் கழுத்தை அறுத்தாள்.

“அதை என்கிட்ட கேட்டா?” என்றார் அவர்.

ஒரு பிற்பகல் கிடங்குக்குப் போனாள். அலுவலகத்தின் பின்பக்கம், தாழ்ந்த கூரை, கட்டுக்கட்டாக விடைத்தாள், பழைய காகித வாடை. காற்புள்ளி ஏணியில் நின்று ஒரு கட்டைத் தட்டில் செருகிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இறங்கினார்.

“படிக்கட்டுல நீங்க பேசினது என்னைப் பத்தின்னு நினைச்சுட்டேன்,” என்றாள்.

“தெரியும். அம்மா சொன்னாங்க.”

“நான் உங்களைக் கேட்டிருக்கணும்.”

“ஆமா.”

அவர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். அவள் காத்திருந்தாள். அவர் வாக்கியங்கள் எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடுமே, மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு அவஸ்தைப்பட வேண்டுமே என்று பயந்தாள். அதனால் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

“என் மேல கோவம் இருக்கா?”

காற்புள்ளி யோசித்தார்.

“இருக்கு,” என்றார். “போயிடும்னு நினைக்கறேன். இப்ப இருக்கு.”

யாரக்கா அந்த வார்த்தையை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஓர் அர்த்தம்தான் இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு ஆசுவாசமாக ஒரு மூச்சு வந்தது. சரி என்று தலையாட்டினாள். இன்னும் அடுக்காத கட்டுகள் தரையில் கிடந்தன. அவர் மறுபடி ஏணியில் ஏறினார். அவள் கீழேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வேறெதுவும் பேசிக்கொள்ளாமல், அந்தத் தட்டு நிறையும்வரை வேலை செய்தார்கள்.